காலவரிசைக் கல்யாணம்

"இத்திருமணம் காலவரிசைப்படி நடைபெறும்."

தை மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகையில், மூன்றாம் பக்கத்தின் அடியில், நட்சத்திரக் குறியுடன் அச்சாகியிருக்கும் வாக்கியம் இது. இப்படி ஒரு வாக்கியம் வேறு எந்தக் கல்யாணப் பத்திரிகையிலாவது உண்டா என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன். இதுவரை கிடைக்கவில்லை. எழுதியவன் நான்தான். அச்சகத்துக்காரர் போனில் கூப்பிட்டு, "சார், இது மொய் வரிசைங்களா, பந்தி வரிசைங்களா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லைங்க, வரலாற்று வரிசை" என்றேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார். (அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

நிறையப் படித்தவனிடம் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்தால் அதை அவன் பெரிய வேலையாக ஆக்கிவிடுவான். பிறகு அந்தப் பெரிய வேலையைச் செய்யத் தெரியாமல் விழிப்பான். இதற்கு நான் வேறு எங்கும் போய் ஆதாரம் தேட வேண்டியதில்லை.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் மாதிரிகளைச் சோதித்துப் பதியும் பிரிவில் எனக்கு வேலை. மீதி நேரமெல்லாம் ஊர் வரலாறு. ரஞ்சன்குடிக் கோட்டை மதிலில் எந்தக் கல் எந்த மழைக்குப் பெயர்ந்தது என்பதுவரை குறித்து வைத்திருக்கிறேன். வீட்டில் குக்கர் வாங்கிய தேதி, அதற்குக் கேஸ்கட் மாற்றிய தேதிகள் எல்லாம் என்னிடம் உண்டு. "நம்ம கல்யாண நாளை மட்டும் வருஷா வருஷம் நான்தான் ஞாபகப்படுத்தணும்" என்பாள் என் மனைவி மல்லிகா. இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆகவே இளமைக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

கல்யாணப் பெண் கயல்விழி, என் தங்கை செல்வியின் ஒரே மகள். கயலுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி மோதி இறந்துபோனார். அதன்பிறகு செல்வி பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் நடந்த எல்லாக் கல்யாணங்களுக்கும் செல்வி வந்திருக்கிறாள். ஆனால் எந்தக் கல்யாண போட்டோவிலும் அவள் இல்லை. பின்னால், அடுப்பு எரியும் இடத்தில், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டோ அண்டாவைக் கிளறிக்கொண்டோ இருப்பாள். மேடைக்கு வராதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே அவள் போய்விடுவாள். "செல்வி கைப்பட்டாத்தான் சாம்பார் சாம்பாரா இருக்கும்" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்றும் பேசிக்கொள்வோம்.

மாப்பிள்ளை பிரகாஷுக்கு உடையார்பாளையம் பக்கம். முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பம். அவனும் கயலும் திருச்சியில் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். அப்பா இல்லாத பெண்ணை, தாய்மாமனும் அவன் மனைவியும் மேடையில் நின்று மாப்பிள்ளையிடம் கையைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதாவது நானும் மல்லிகாவும். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பேச்சு வந்ததும் கயல் சட்டென்று சொன்னாள்.

"மாமா கோவிச்சுக்கக் கூடாது. எங்கம்மாதான் என் கையைப் புடிச்சுக் குடுக்கணும். மேடையில, எல்லார் முன்னாடியும். இல்லன்னா நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கிறோம்."

"வாய மூடுடி" என்றாள் செல்வி. காலியான காபித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

எல்லோரும் மாப்பிள்ளையின் பெரியப்பா வரதராசனைப் பார்த்தோம். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவர்தான். நெற்றி நிறைய நாமம். புரட்டாசிச் சனிக்கிழமை எதுவும் தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கிறவர். ஒரு தடவை நேபாளம் வரை யாத்திரை போய்ச் சாளக்கிராமம் கொண்டுவந்து பூஜையில் வைத்திருக்கிறவர். அவர் வெற்றிலையை நிதானமாக மடித்தார்.

"பெத்தவ புடிச்சுக் குடுக்கிறதுல என்னம்மா தோசம்? ஒரு நிமிசக் காரியம். செஞ்சுட்டுப் போவட்டும்."

அவ்வளவுதான். பெண் கேட்டாள், பெரியவர் சரி என்றார். செல்வி கையில் தம்ளர்களோடு கதவோரம் நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுதான். ஆனால் பேசினேன்.

"அப்ப மொத்தக் கல்யாணத்தையுமே புது மாதிரியா, நம்ம மண்ணோட பண்பாட்டுலேருந்து எடுத்து நடத்தலாமே! அதை நான் பாத்துக்கிறேன்."

கயல் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்த மாமன் கிடைத்த சந்தோஷம். (அந்த முகம் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. மறந்துபோனால் நல்லது.)

இரண்டு மாதம் உழைத்தேன். அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கினேன். ஐயர் இல்லை, ஓமப்புகை இல்லை. ஓதுவார் ஒருவர் தமிழில் பாடுவார். அட்சதைக்கு அரிசி வேண்டாம், எங்கள் பக்கத்துப் பழைய தானியமான வரகு. இரண்டு ஊர் மண்ணையும் ஒரே சட்டியில் கலந்து அதில் ஒரு புங்கங்கன்று. லப்பைக்குடிக்காட்டிலிருந்து என் சிநேகிதன் ஜமால் ஒரு யோசனை சொன்னான். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன்.

"எங்க நிக்காஹ்ல பொண்ணோட சம்மதத்தைக் கேக்காம ஒண்ணும் நடக்காது மாப்ள. நீங்களும் சபையில கேளுங்க, நல்லாருக்கும். ஆனா ஒண்ணு, மைக்க நீ மட்டும் கையில எடுக்காத."

முதல் பாதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஒரு கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுரங்கத்திலிருந்து வந்த கல்குவியலில் கிடைத்தது. பெரிய ஊத்தப்பம் அளவு, நடுவிலிருந்து வரிவரியாகச் சுருண்டு சுருண்டு வெளியே வரும் வடிவம். அரியலூர் கடலுக்கு அடியில் இருந்த காலத்தில் வாழ்ந்த கடல்நத்தை, கல்லாகிப் போனது. (சரியாகச் சொன்னால் நத்தை அல்ல, கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். இதை நான் அன்றே தெளிவுபடுத்தாததால்தான் பிற்பாடு எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது.) மல்லிகா அதை எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தாள். அதைக் கழுவி எடுத்துவந்தேன். கல்யாணத்தில் பெண் அம்மி மிதிக்கிறாள் அல்லவா? அம்மிக்கு என்ன வயது இருக்கும்? என் கல்லுக்குப் பத்துக் கோடி வருஷம். கயல் அதை மிதிப்பாள்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். சடங்குகளை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்வி வந்தது. தேதி போட்டே பழகியவன் வேறு எப்படி யோசிப்பான்? எது மிகப் பழையதோ அது முதலில். ஆகவே முதலில் கடல், அதாவது கல். பிறகு மண், தானியம், சம்மதம். ஐந்தாவதாகத் தாய் வந்து கையைப் பிடித்துக் கொடுப்பது. என் வாசிப்பின்படி எல்லாவற்றிலும் பிந்தி வந்தது தாலி, ஆகவே அது கடைசி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் மைக்கில் சுருக்கமாக விளக்கம் சொல்வேன்.

இதைச் செல்வியிடம் காட்டப் போனேன். கல்யாண அப்பளத்தை வெயிலில் காயவைத்துக் காகம் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தனாவதுண்ணே?"

"அஞ்சாவது."

"நத்தைக்கு அப்புறமா?"

"நத்தைக்குப் பத்துக் கோடி வருஷம் செல்வி."

"அது சரி. வரகுக்கும் அப்புறமா? அம்மான்னு ஒருத்தி இல்லாம யாருண்ணே அந்த வரகைப் பொங்கிப் போட்டது?"

அதற்கு என்னிடம் புத்தகங்கள் இருந்தன. கொஞ்ச நேரம் பேசினேன். அவள் காகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லவா? முதல்ல நான் அவ கையைப் புடிச்சுக் குடுத்துடறேன். ஒரு நிமிசம். அப்புறம் நீ கடல்லேருந்து ஆரம்பிச்சு எங்க வேணா போ. நான் கீழ எறங்கி முன்வரிசையில உக்காந்து உன் பேச்சு முழுக்கக் கேக்கறேன். தூங்க மாட்டேன். சத்தியமா."

"வரிசை கெட்டுடும் செல்வி."

காகத்தை ஒரு தடவை விரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"சரிண்ணே. உன் வரிசை கெட வேணாம்."

உள்ளே போய் ஒரு பட்டுச்சேலையை எடுத்துவந்தாள். கயல் முதல் சம்பளத்தில் வாங்கி, பிரிக்காமலே இருந்தது. கிளிப்பச்சை, மெல்லிசாக அரக்குக் கரை. "இதைக் கட்டுனா சனம் சிரிக்குமாண்ணே?" என்று கேட்டாள். மேடை விளக்கில் பச்சை நன்றாக எடுக்கும் என்று நான் அறிவியல்பூர்வமாகப் பதில் சொன்னேன்.

கயல் பிறகு ஒன்று சொன்னாள். அந்த வாரமெல்லாம் செல்வி சமையலறையில் ஒத்திகை பார்த்தாளாம். "உன் கை கீழயா, அவரு கை கீழயா? நான் எந்தப் பக்கம் நிக்கணும்? அப்ப அழுதுட்டா தப்பாடி?" கயல் இல்லாத நேரத்தில் கரண்டியை மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டு செய்து பார்த்தாளாம். ஒரு நாள் கயல் கதவைத் திறந்தபோது, அம்மா இடியாப்பக் கட்டையின் கையைப் பிடித்து நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாளாம். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்களாம்.

கல்யாண நாள் வந்தது. பட்டுவேட்டி, தோளில் துண்டு, ஒரு கையில் மைக், மறு கையில் குறிப்புத்தாள்கள். மேடை நடுவில் சிவப்புத் துணி விரித்து அதன்மேல் கல்லை வைத்திருந்தேன். எண்ணெய் தடவியிருந்ததால் சுருள் நன்றாக மின்னியது. கல்லின் பக்கத்தில் கயலும் பிரகாஷும். மேடைப் படியில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, கிளிப்பச்சையில் செல்வி. எந்தப் பெண்ணும் அவளை ஏற இறங்கப் பார்க்காமல் போகவில்லை. அவள் பதினாறு வருஷத்துக்குப் பிறகு தலையில் பூ வைத்திருந்தாள். ஒரே ஒரு முழம். அதையும் அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான் தொடங்கினேன்.

"பெரியோர்களே, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் சுற்றுவட்டாரமெல்லாம் கடல்!"

"அப்ப புது பஸ் ஸ்டாண்டு எங்கங்க இருந்துச்சு?" என்றது ஒரு குரல் பின்வரிசையிலிருந்து. சிரிப்பு. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். கடல் வற்றியது, சேறு இறுகியது, உயிர்கள் கல்லாயின. கடல் வற்றி முடிவதற்குள் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். சபையில் பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. செல்வியும் படியில் நின்றபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அதையும் நான் கவனிக்கவில்லை. வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இதோ, அந்த ஆதிக் கடலின் சாட்சி! மணமகள் இப்போது இதன்மீது தன் வலது பாதத்தை வைப்பார்!"

கயல் காலை வைத்தாள்.

முன்வரிசையில் இருந்த பெரியப்பா வரதராசன் அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லைப் பார்த்தார். அவர் நேபாளத்திலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமம் எலுமிச்சங்காய் அளவு. உள்ளே இதே சுருள். அதைச் சக்கரம் என்பார்கள், அந்தக் கல்லையே பெருமாள் என்பார்கள். தினம் பாலில் திருமஞ்சனம் செய்து துளசி சாத்துகிறவர். இங்கே அதைப்போல் பல மடங்கு பெரிய பெருமாள் எண்ணெய் பளபளக்கத் தரையில் கிடக்கிறார், அவர்மேல் வீட்டுக்கு வரப்போகிற மருமகளின் கால். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சாளக்கிராமமும் என் கல்லும் ஒரே இனம் என்று நானே ஒரு ஆண்டு மலரில் கட்டுரை எழுதியிருக்கிறேன். கட்டுரையில் தெரிந்தது, மேடையில் தெரியவில்லை.

"ஐயோ! காலை எடும்மா! ஐயோ! காலை எடு! காலை எடு!"

பெரியப்பா துள்ளி எழுந்து கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். சபை அதைப் பாம்பு என்று புரிந்துகொண்டது. நாற்காலிகள் சரிந்தன. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு மணவறைப் பலகைமேல் ஏறினான். புங்கங்கன்றுச் சட்டி உருண்டு இரண்டு ஊர் மண்ணும் தானாகவே கலந்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கல்யாண மேடையில் தும்மலோ, அழுகையோ, கெட்ட சொல்லோ கேட்டால், அது மணமக்கள் காதில் விழாமல் அமுக்குவதற்காகக் கெட்டிமேளம் கொட்டுவார்கள். இதைப் பற்றி நான் விரிவான குறிப்பே எழுதி வைத்திருக்கிறேன். மேளக்காரர்கள் என் கடலில் மூழ்கி அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். "ஐயோ" என்ற சத்தம் கேட்டதும் தங்கள் கடமையை உடனே செய்தார்கள். தவிலும் நாகசுரமும் மண்டபம் அதிர எழுந்தன.

கெட்டிமேளம் கேட்டால் தமிழன் கை என்ன செய்யும்? அட்சதை போடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்துவந்து போட்டார்களாம். வரகு மழையாகப் பொழிந்தது. (வரகு கண்ணில் விழுந்தால் அரிசியைவிட மோசம். இது அனுபவம்.) "மேளம் கொட்டியாச்சு, கட்டுடா! நேரம் போவுது, கட்டு, கட்டு!" என்று நாலா பக்கமும் குரல். யாரோ தாலியைப் பிரகாஷ் கையில் திணித்தார்கள். பலகைமேல் நின்றபடியே அவன் குனிந்து கட்டினான். நாத்தனார் முடிச்சுப் போட்டாள். நான் மைக்கில், "இல்லை, இது ஆறாவது, இது ஆறாவது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது.

மேளம் ஓய்ந்தது. கயல் கண்ணிலிருந்து வரகைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா எங்க?"

படியில் யாரும் இல்லை.

படி அருகில் நின்ற ஜமால்தான் பிறகு எனக்கு நடந்ததைச் சொன்னான். பெரியப்பா கத்தியதும், பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி (யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்) சத்தமாகவே சொன்னாராம். "மேடைக்கிட்ட யார நிக்க வைக்கிறதுன்னு ஒரு இது வேணாமா? பாருங்க, எடுத்த எடுப்புலயே ஐயோன்னு சத்தம்." செல்வி அதைக் கேட்டாள். தலையிலிருந்த பூவை ஒரு தடவை தொட்டாள். படியிறங்கினாள். "கூப்பிடலாம்னு திரும்பறேன், அதுக்குள்ள மேளம் மாப்ள. நானும் மேடையப் பாத்துட்டேன்" என்றான்.

பந்திக்கூடத்தைத் தாண்டிச் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனேன். புகைக்கு நடுவில் செல்வி நின்றிருந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய கரண்டியால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"செல்வி..."

"பருப்பு அடிபுடிக்குதுண்ணே. இவங்க யாரும் பாக்கல."

"மேடைக்கு வா. கயல் தேடுறா. இப்பவாவது நீ கையைப் புடிச்சு..."

"தாலி ஏறிடுச்சுல்ல?"

"ஏறிடுச்சு."

"அப்புறம் எதப் புடிச்சு யாருக்குக் குடுக்கறது? இப்ப அது அவங்க வூட்டுக் கை." புகையில் கண்ணைக் கசக்கினாள். "விடுண்ணே. ஒத்திகை நல்லா வந்துச்சு. அது போதும்."

நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கரண்டியைத் தட்டி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நத்தைக்கு ஒண்ணும் ஆவலையே?"

நத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது பெரியப்பா அதைத் தாம்பாளத்தில் எழுந்தருளச் செய்து பாலால் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர். துளசி, சந்தனம், மாப்பிள்ளையின் கழுத்திலிருந்த மாலைகளில் ஒன்று எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஜனங்கள் வரிசையில் நின்று கும்பிட்டுத் தட்டில் காசு போட்டார்கள். கயலை மன்னிப்புக் கேட்க வைப்பார்களோ என்று பயந்தேன். பெரியப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, தெரியாம செஞ்சுட்டீங்க, போவட்டும். உங்க வூட்டுலேருந்து பொண்ணு மட்டும் வரல. பெருமாளே கெளம்பி வந்துட்டாரு. நீங்களே ஒங்க கையால எடுத்துக் குடுங்க."

இது ஒரு கடல் பிராணி, ஊறுகாய் ஜாடிமேல் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மல்லிகா என் காலை மிதித்தாள். நானும் அவளுமாகத் தாம்பாளத்தைத் தூக்கிப் பெரியப்பாவின் கையில் கொடுத்தோம். மேளம் வாசித்தார்கள். முறைப்படி, எல்லார் முன்னாலும், அன்றைக்கு அந்த மேடையில் கையில் பிடித்துக் கொடுக்கப்பட்டது அந்தக் கல் ஒன்றுதான்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். காரின் முன் சீட்டில் பெரியப்பா மடியில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கயல் ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கார் நகர்ந்தது. செல்வி நாலைந்து எட்டு கூடவே நடந்து, பிறகு தானே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். மேடையில் நடக்க வேண்டியது இதுதானே, இங்கே நடந்துவிட்டதே என்று நான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். கொடுப்பது வேறு, பிரிப்பது வேறு. அந்த அளவுக்கு எனக்குத் தெரியும்.

"இனிமே ஊறுகா ஜாடி மேல எதை வைக்கிறது?" என்றாள் மல்லிகா, வீடு திரும்பும் வழியில். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கல் இப்போது உடையார்பாளையம் பக்கத்தில், அவர்கள் வீட்டுப் பூஜையறையில் தனி மாடத்தில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதற்குத் திருமஞ்சனம் உண்டு. எனக்குத் தவறாமல் அழைப்பு வரும். போய்த் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வருகிறேன். எனக்கு நத்தை மாமா என்ற பெயர் இரண்டு குடும்பத்திலும் நிலைத்துவிட்டது. யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேசினால், "கடல்லேருந்து ஆரம்பிக்காத" என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூட, காரணம் தெரியாமலே சொல்கிறார்கள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதலில் ஒளித்து வைக்கப்படுவது மைக்.

இந்தக் கேலியை ஆரம்பித்து வைத்ததே செல்விதான். கல்யாணமான அடுத்த வாரமே, சம்பந்தி வீட்டு விருந்தில், கெட்டிமேளத்துக்கு நடுவில் நான் "இது ஆறாவது, இது ஆறாவது" என்று கத்தியதை அவள் நடித்துக் காட்டினாள். பெரியப்பா உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நடித்ததை நானும் ரசித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அப்படிக் கத்தியது தாலி கட்டும்போது. சமையல்கட்டில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? வீடியோ அப்போது இன்னும் வந்து சேரவில்லை.

அங்கேயே கேட்டேன்.

"செல்வி, தாலி கட்டினதை நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே. பந்திக்கூடத்துக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். மூணு முடிச்சும் எண்ணினேன். அப்புறம்தான் அடுப்புக்குப் போனேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், என் புத்தி என்னை விடவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டேன். ஒரே தகவலை இரண்டு முறை கேட்டு உறுதி செய்வது என் பழக்கம்.

"எங்கண்ணே பாத்தேன்?" என்றாள், கண்ணை மூடியபடியே. "மேளச் சத்தம் கேட்டுச்சு. நீ மைக்குல கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. அப்ப எனக்குப் பருப்பு பொங்கிட்டிருந்துச்சு."

"அன்னிக்குப் பாத்தேன்னு சொன்னியே?"

"சொன்னேனா? சொல்லியிருப்பேன். நீ பஸ்ஸுல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்த."

மூன்றாவது தடவை கேட்க நேரவில்லை. கார்த்திகை மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில் செல்வி போய்விட்டாள். கயலுக்கு அப்போது ஐந்து மாதம்.

கயல் முதல் பதிலை நம்புகிறாள். "எங்கம்மா பாத்தாங்க மாமா. பாக்காம இருக்க மாட்டாங்க" என்கிறாள். மல்லிகா இரண்டாவதை நம்புகிறாள், ஆனால் கயலிடம் சொல்வதில்லை. என்னிடம் இருக்கும் ஆதாரம் கல்யாண வீடியோ மட்டும். பெரியப்பா கத்தியதும் கேமராக்காரர் பதறித் திரும்புகிறார். படம் ஆடுகிறது. நாற்காலிகள், கூரை, யாரோ ஒருவர் முதுகு. தாலி ஏறும் நேரத்தில் ஒரு கணம் பந்திக்கூடத்துக் கதவு தெரிகிறது. கதவு ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் பச்சைத் துணி. உடனே படம் மேடைக்குத் திரும்பிவிடுகிறது.

அன்றைக்குப் பரிமாற வந்திருந்த கேட்டரிங் பெண்களுக்கும் சீருடை பச்சைச் சேலைதான். அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் பந்தியில் நின்றார்களா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "நின்னுருப்பாங்க சார், ஆனா மேளம் கேட்டா யாரு நிப்பா?" என்றார். செல்வியின் சேலைக்கு அரக்குக் கரை உண்டு, சீருடைக்குக் கரை கிடையாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கரை இருப்பதுபோலவும் தெரிகிறது, கதவின் நிழல்போலவும் தெரிகிறது. கதவோரம் நிற்பது என் தங்கைதானா என்பது, இதை எழுதும் நாள் வரை, சரிபார்க்கப்படவில்லை.